அத்தியாயம் 5: அழுத்துவதா, தட்டுவதா?

லேப்டாப்பில் கை ஓடவில்லை என்று அலுத்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் தங்களையே குறை சொல்லிக்கொள்கிறார்கள். வயசாகிவிட்டது, நமக்கு இதெல்லாம் வராது, சின்ன வயதிலேயே கம்ப்யூட்டரைத் தொட்டிருந்தால் இந்தக் கஷ்டம் இருந்திருக்காது என்று ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் விரலைக் கவனித்தால் வேறொன்று தெரியும். கைபேசியில் தட்டித் தட்டிப் பழகிய விரல், தட்டினால் அசைந்துகொடுக்காத டச்பேடோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். அல்லது மவுஸ் பொத்தானை அழுத்திப் பழகிய விரல், லேசாகப் பட்டாலே கிளிக் என்று எடுத்துக்கொள்ளும் டச்பேடில் தடுமாறிக்கொண்டிருக்கும்.

அழுத்துவதும் சரிதான், தட்டுவதும் சரிதான். கையைத் திருத்த வேண்டியதில்லை. கைக்கு ஏற்றபடி டச்பேடின் அமைப்பை மாற்றிக்கொண்டால் போதும். அதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். லேப்டாப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் செய்துபார்த்தபடியே இந்த அத்தியாயத்தைப் படியுங்கள்.

மைசூரில் இது யாருக்குத் தேவை

எடுத்துக்காட்டுக்கு மைசூரை எடுத்துக்கொள்வோம். இங்கே வரும் தமிழர்களில், காலையில் லேப்டாப்பைத் திறந்தால் மாலையில்தான் மூடுகிறவர்கள் பல வகை. ஹெப்பாள் பக்கம் இருக்கும் இன்போசிஸ் பயிற்சி வளாகத்துக்குக் கல்லூரி முடித்த கையோடு வருகிறவர்கள் ஒரு வகை. மானசகங்கோத்ரியில், ஹுன்சூர் சாலையில் உள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்துக்கு வரும் மொழியியல் மாணவர்களும் தமிழ் ஆய்வாளர்களும் இன்னொரு வகை. 1969-ல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் மொழித் தரவுத் திட்டத்தில் தமிழ் எழுத்துத் தொகுப்பும் பேச்சுத் தொகுப்பும் உருவாகியிருக்கின்றன. மூன்றாவது வகை, கல்வெட்டு படிக்கிறவர்கள். இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டியல் பிரிவு ஊட்டியிலிருந்து 1966-ல் இங்கே வந்ததிலிருந்து, தமிழ்க் கல்வெட்டு ஆய்வாளர்களுக்கு மைசூர் முக்கியமான ஊராக இருந்துவந்திருக்கிறது.

இவர்கள் செய்யும் வேலைகளைப் பிரித்துப் பார்த்தால், டச்பேடில் கற்க வேண்டியது எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். ஒரு பனுவலில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் பெயர், வினை, இடை என்று அடையாளம் இடுகிறவருக்கு நாள் முழுக்க கிளிக். பேச்சுப் பதிவை அசை அசையாகப் பிரிக்கிறவருக்கு நாள் முழுக்க இழுத்தல். கல்வெட்டின் மைப்படியைப் படமாகத் திரையில் பார்க்கிறவருக்கு நாள் முழுக்கப் பெரிதாக்கலும் நகர்த்தலும். நிரல் எழுதுகிறவருக்கு மூன்றும் கலந்து வரும். வரிசையாகப் பார்க்கலாம்.

விரலுக்கு அடியில் என்ன நடக்கிறது

டச்பேடின் மேல்தோலுக்கு அடியில், நெடுக்கும் குறுக்குமாக மெல்லிய மின்கடத்திக் கோடுகள் உள்ளன. விரல் பக்கத்தில் வந்ததும் அந்த இடத்தில் மின்தேக்குதிறன் மாறுகிறது. அந்த மாற்றத்தின் மையம் எங்கே என்று கணக்கிட்டு டச்பேட் அம்புக்குறியை நகர்த்துகிறது. மென்மையாகத் தொட்டாலும் அது வேலை செய்வதற்கும், பேனா முனையால் தொட்டால் அது கண்டுகொள்ளாததற்கும் இதுதான் காரணம். இந்த வகை டச்பேடை 1980களின் இறுதியில் உருவாக்கியவர் அமெரிக்கரான ஜார்ஜ் கெர்பைடு. 1994-ல் ஆப்பிள் தன் பவர்புக் 500 வரிசையில் அதைப் பொருத்திய பிறகு மற்ற நிறுவனங்களும் மெல்ல அதற்கு மாறின.

வெகுகாலம்வரை டச்பேடுக்குக் கீழே இரண்டு தனிப் பொத்தான்கள் இருந்தன. நகர்த்த ஒரு இடம், அழுத்த இன்னொரு இடம் என்று இருந்ததால் குழப்பம் குறைவு. 2008-ல் ஆப்பிள் வெளியிட்ட மேக்புக்குகளில் தனிப் பொத்தான் போய், முழுத் தளமுமே பொத்தானாகிவிட்டது. பிற நிறுவனங்களும் அதே வழியில் போயின. நகர்த்தும் விரலே அழுத்தவும் வேண்டும் என்று ஆனதிலிருந்துதான் இன்று நாம் படும் பாடு.

இப்படிப்பட்ட டச்பேட் பலவற்றில், மேல்விளிம்பு பிணைந்திருக்கும். கீழ்ப்பக்கம் மட்டும்தான் இறங்கும். கதவைக் கீல் பக்கமாகக் கைவைத்துத் தள்ளினால் எப்படி நகராதோ, அப்படியே இதன் மேல்பகுதியை எவ்வளவு அழுத்தினாலும் கிளிக் விழாது. கீழே வரவர அழுத்தம் குறைவாகவே தேவைப்படும். இப்போதே உங்கள் லேப்டாப்பில் மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடங்களில் அழுத்திப் பாருங்கள். மூன்று இடத்திலும் ஒரே மாதிரி கிளிக் கேட்டால், உங்களுடையது வேறு வகை. 2015 முதல் ஆப்பிளின் லேப்டாப்களில் வந்த வகையில் தளம் கீழே இறங்குவதே இல்லை. அழுத்தத்தை உணர்கருவி அளந்து, உள்ளே ஒரு சிறு மோட்டார் அதிர்ந்து, கிளிக் விழுந்ததுபோல விரலுக்கு உணர்த்துகிறது. அதனால் எங்கே அழுத்தினாலும் ஒன்றுதான். விலை கூடிய சில விண்டோஸ் லேப்டாப்களிலும் இப்போது இது உண்டு.

இன்னொரு விஷயம். விரலை அழுத்தும்போது அதன் நுனி தட்டையாகிறது. தொடும் பரப்பு விரிவதால் அதன் மையமும் சற்று நகர்கிறது. குறிவைத்த இடத்திலிருந்து அம்புக்குறி கடைசி நொடியில் வழுகிப் போவது இதனால்தான். சின்னச் சின்னப் பெட்டிகளில் டிக் இடும்போது பக்கத்துப் பெட்டியில் விழுவதற்கு உங்கள் கை நடுக்கம் காரணமில்லை.

உங்கள் விரல் எந்த வகை

யோசிக்காமல் ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். விரல் தானாக என்ன செய்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.

தட்டுகிறவர்கள்: விரலை நகர்த்தி, எடுத்து, அதே இடத்தில் மெல்லத் தொட்டு எடுப்பார்கள். கைபேசியில் பழகியவர்கள் பெரும்பாலும் இப்படித்தான். சத்தம் வராது, விசை வேண்டாம், விரலும் களைக்காது. ஆனால் தற்செயலாகப் பட்ட விரலும் கிளிக்காகிவிடும் அபாயம் இதில் உண்டு.

ஒரே விரலால் அழுத்துகிறவர்கள்: ஆள்காட்டி விரலால் நகர்த்தி, அதே விரலால் அங்கேயே அழுத்துவார்கள். கிளிக் விழுந்ததில் சந்தேகமே வராது. மேல்பகுதியில் அழுத்தினால் விசை வீணாகும். மேலே சொன்ன வழுகலும் வரும்.

கட்டைவிரலால் அழுத்துகிறவர்கள்: ஆள்காட்டி விரல் நகர்த்தும், கட்டைவிரல் டச்பேடின் கீழ்விளிம்பில் தயாராக இருந்து அழுத்தும். தனிப் பொத்தான் இருந்த காலத்து லேப்டாப்பில் கற்றவர்களிடம் இந்தப் பழக்கத்தைப் பார்க்கலாம். குறிவைத்த விரல் அழுத்துவதில்லை என்பதால் அம்புக்குறி வழுகாது. நுணுக்கமான வேலைக்கு இதைவிட நல்ல முறை கிடையாது.

இரு கையாலும் செய்கிறவர்கள்: வலது கை விரல் நகர்த்த, இடது கை விரல் கீழே அழுத்தும். பார்க்க வேடிக்கையாக இருந்தாலும் இழுத்து விடும் வேலைகளுக்கு இது வெகு திடமான முறை. யாராவது சிரித்தால் பொருட்படுத்த வேண்டாம்.

பழகிய முறையை விட வேண்டியதில்லை. அதோடு இன்னொரு முறையையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். சாதாரண கிளிக்குக்குத் தட்டலையும், குறி தப்பக்கூடாத இடத்தில் கட்டைவிரல் அழுத்தலையும் வைத்துக்கொள்வது பலருக்கும் நன்றாக அமைகிறது. கோப்பை அழிக்கும்போது, பணம் அனுப்பும்போது, தேர்வில் விடையைச் சமர்ப்பிக்கும்போது அழுத்துங்கள். அழுத்தும் அந்த ஒரு கணம், செய்வது சரிதானா என்று நினைத்துப் பார்க்கவும் இடம் கொடுக்கிறது.

பத்து நிமிடத்தில் மாற்ற வேண்டியவை

விண்டோஸ் 11: செட்டிங்ஸ், அதில் புளூடூத் அண்ட் டிவைசஸ், அதில் டச்பேட். உள்ளே டேப்ஸ் என்ற பகுதியை விரித்தால் நான்கு டிக் பெட்டிகள் இருக்கும். ஒரு விரலால் தட்டினால் கிளிக். இரு விரலால் தட்டினால் ரைட் கிளிக். இருமுறை தட்டி இழுத்தால் தேர்வு. வலது கீழ்மூலையை அழுத்தினால் ரைட் கிளிக். நீங்கள் அழுத்துகிற வகை என்றால் முதல் டிக்கை எடுத்துவிடுங்கள். அதே இடத்தில் சென்சிட்டிவிட்டி என்று நான்கு படிகள் உண்டு. தட்டச்சு செய்யும்போது உள்ளங்கை பட்டுக் கர்சர் தாவுகிறது என்றால் லோ என்பதற்குப் போங்கள்.

மேக்: சிஸ்டம் செட்டிங்ஸ், அதில் டிராக்பேட். மேக்கில் தட்டினால் கிளிக் ஆகும் வசதி வாங்கி வரும்போது அணைந்தே இருக்கும். கைபேசிப் பழக்கத்தோடு மேக்கைத் தொடுகிறவர்கள் 'டச்பேட் வேலை செய்யவில்லை' என்று கடைக்குப் போவது இதனால்தான். டேப் டு கிளிக் என்பதை இயக்குங்கள். கிளிக் எவ்வளவு அழுத்தத்தில் விழ வேண்டும் என்பதற்கு லைட், மீடியம், ஃபர்ம் என்று மூன்று நிலைகள் உண்டு. விரல் வலிக்கிறவர்கள் லைட் வைத்துக்கொள்ளலாம்.

லினக்ஸ்: உபுண்டு போன்றவற்றில் செட்டிங்ஸில் மவுஸ் அண்ட் டச்பேட் என்ற பக்கம். தட்டினால் கிளிக் என்பதை லினக்ஸின் உள்ளீட்டு மென்பொருளான லிப்இன்புட் தானாக இயக்குவதில்லை. தெரியாமல் பட்டுக் கிளிக் ஆகிவிடக்கூடாது என்ற எச்சரிக்கை அது. ஆனால் க்னோம் என்ற திரைச்சூழலில், 2024-ல் வந்த 46-ஆம் பதிப்பு முதல் அது இயங்கிய நிலையிலேயே வருகிறது. ஒரே லினக்ஸ், இரண்டு லேப்டாப்பில் இரண்டு விதமாக நடந்துகொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். 2011-ல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. அந்த லேப்டாப்பை வைத்திருப்பவர்களும், லினக்ஸ் பக்கம் போனதும் தட்டல் வேலை செய்யாவிட்டால் முதலில் இந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

இருமுறை கிளிக் செய்தால் கோப்பு திறக்காமல் பெயர் மாற்றும் பெட்டி வருகிறதா? இரண்டு கிளிக்குக்கும் இடைவெளி அதிகமாகிவிட்டது. விண்டோஸில் இயல்பான அவகாசம் 500 மில்லிசெகண்ட், அதாவது அரை விநாடி. மவுஸ் அமைப்புகளில் டபுள் கிளிக் வேகம் என்பதைக் குறைத்தால் அவகாசம் கூடும். வயதானவர்களின் லேப்டாப்பில் முதல் வேலையாக இதைச் செய்துகொடுங்கள்.

ரைட் கிளிக்: அதிகக் குழப்பம் இங்கேதான்

ரைட் கிளிக்குக்கு இரண்டு வழிகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று, இடத்தை வைத்து முடிவு செய்வது: வலது கீழ்மூலையில் அழுத்தினால் ரைட் கிளிக். இன்னொன்று, விரல் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்வது: எங்கே அழுத்தினாலும் இரண்டு விரல் பட்டிருந்தால் ரைட் கிளிக்.

நடுவில் அழுத்தியும் மெனு வந்து நிற்கிறது என்றால், எண்ணிக்கை முறை இயங்குகிறது. உங்கள் இன்னொரு விரல் தெரியாமல் ஓரத்தில் பட்டுக்கொண்டிருக்கிறது. வலது ஓரமாக அழுத்தும்போதெல்லாம் மெனு வருகிறது என்றால், இட முறை இயங்குகிறது. நீங்கள் அறியாமல் அந்த மூலைக்குப் போய்விடுகிறீர்கள். இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அணைத்துவிடுவது நல்லது. லினக்ஸில் தட்டலுக்குத் தனிக் கணக்கு உண்டு: ஒரு விரல் இடது, இரண்டு விரல் வலது, மூன்று விரல் நடுப் பொத்தான்.

இரண்டு விரல் முறையையே எல்லோருக்கும் சொல்வேன். மூலையைத் தேட வேண்டியதில்லை. இடக்கைப் பழக்கம் உள்ளவர்களும் எதையும் மாற்றாமல் பயன்படுத்தலாம். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சற்று விலக்கி, ஒரே நேரத்தில் தொட்டு எடுங்கள். ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டால் அது இரண்டு தனித் தட்டல் என்று ஆகிவிடும். கை வரும்வரை விண்டோஸில் ஷிஃப்ட்டும் எஃப்10-உம், மேக்கில் கன்ட்ரோல் விசையோடு கிளிக்கும் துணை நிற்கும்.

இழுத்தல்: பேச்சுப் பதிவோடு ஒரு பாடம்

பிடித்து இழுத்து விடுவதுதான் டச்பேடில் கடினமான வேலை. பேச்சுப் பதிவை ஆராய்கிறவர்கள் பயன்படுத்தும் பிராட் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்வோம். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான இது இலவசமாகக் கிடைக்கிறது. மொழியியல் துறைகளில் பரவலான புழக்கத்தில் உள்ளது. 'பட்டம்' என்ற சொல்லில் நடுவே வரும் இரட்டை டகரத்தை அளக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய் அடைபட்டிருக்கும் நேரத்தில் ஒலியலை கிட்டத்தட்ட நேர்கோடாகிவிடும். அந்த நேர்கோட்டின் தொடக்கத்திலிருந்து முடிவுவரை இழுத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடைசியில் விரலை எடுக்கும்போது வழுகினால் அளவு மாறிப்போகும்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு.

1. கட்டைவிரலால் கீழ்விளிம்பில் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆள்காட்டி விரலால் இழுங்கள். முடிவில் ஆள்காட்டி விரலை நிறுத்திவிட்டு, பிறகே கட்டைவிரலை எடுங்கள். இந்த வரிசை முக்கியம்.

2. தட்டுகிறவர் என்றால், ஒருமுறை தட்டி எடுத்து, உடனே மறுபடி விரலை வைத்து, எடுக்காமல் நகர்த்துங்கள். இதைத் தட்டி இழுத்தல் என்கிறோம். இந்த வசதி இயங்கும்போது, நீங்கள் தட்டியது வெறும் கிளிக்கா, இழுவையின் தொடக்கமா என்று கணினி ஒரு கணம் காத்திருந்து பார்க்கும். தட்டல் கிளிக் சற்றுத் தாமதமாக விழுவதுபோலத் தோன்றுவது அதனால்தான்.

3. மேக்கில் ஆக்சஸிபிலிட்டி அமைப்புகளில், பாயின்டர் கன்ட்ரோலுக்குள், மூன்று விரலால் இழுக்கும் வசதி உள்ளது. எதையும் அழுத்தாமல் மூன்று விரலை வைத்து நகர்த்தினாலே போதும். விரல் மூட்டு வலி உள்ளவர்களுக்கு இது பெரிய உதவி.

இழுக்காமலே காரியம் முடியும் இடங்களும் உண்டு. நீண்ட பத்தியைத் தேர்ந்தெடுக்க, தொடக்கத்தில் ஒரு கிளிக், பிறகு ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு முடிவில் ஒரு கிளிக். பிராட்டில் எல்லைக்கோடு போட வேண்டிய இடத்தில் கிளிக் செய்து என்டர் தட்டினால் கோடு விழும். தேர்ந்த பகுதியைக் கேட்க டேப் விசை. தேர்ந்த பகுதியை மட்டும் பெரிதாக்க கன்ட்ரோலும் என் எழுத்தும். முதலில் பெரிதாக்கிவிட்டுப் பிறகு இழுத்தால், சின்ன வழுகல் அளவைக் கெடுக்காது. தமிழ் எழுத்துகளுக்கு நடுவே கர்சரைத் துல்லியமாக வைக்க டச்பேடை நம்ப வேண்டாம். அருகில் ஒரு கிளிக் செய்துவிட்டு அம்பு விசைகளால் நகர்ந்து போங்கள்.

பெரிதாக்கலும் நகர்த்தலும்: கல்வெட்டோடு ஒரு பாடம்

மைப்படி என்பது, ஈரத்தாளைக் கல்வெட்டின்மீது ஒட்டி, தூரிகையால் அடித்துப் பள்ளங்களுக்குள் இறக்கி, மேலே மை ஒற்றி எடுப்பது. வெட்டிய எழுத்து வெள்ளையாகவும் சுற்றிலும் கறுப்பாகவும் வரும். கல்லில் இருக்கும் பொரிவும் வெள்ளையாகவே வரும். எழுத்துக் கோடு எது, கல்லின் வெடிப்பு எது என்று பிரித்தறிய, படத்தைப் பெரிதாக்கியும் சுருக்கியும் மாறி மாறிப் பார்க்க வேண்டும். பழைய கல்வெட்டுகளில் புள்ளி பெரும்பாலும் இருக்காது. ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோல இருக்கும். ஒரு எழுத்தைத் தீர்மானிக்க முழு வரியையும் பார்த்துவிட்டுத் திரும்ப எழுத்துக்கே வர வேண்டியிருக்கும்.

இந்த வேலையில் டச்பேட் மவுஸைவிட நன்றாக உழைக்கும். இரண்டு விரலையும் ஒன்றாக வைத்து விரித்தால் படம் பெரிதாகும், குவித்தால் சிறிதாகும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இதற்கு ஏற்றவை. இரண்டு விரலையும் சேர்த்தே நகர்த்தினால் படம் எந்தப் பக்கமும் நகரும். பெரிதாக்குமுன் அம்புக்குறியைப் பார்க்க வேண்டிய எழுத்தின்மேல் வைத்துக்கொள்ளுங்கள். பல மென்பொருள்களில் அந்த இடத்தை மையமாக வைத்தே படம் விரியும். விரல்களை அழுத்த வேண்டாம். லேசாகத் தொட்டிருந்தால் போதும். அழுத்தினால் ரைட் கிளிக் ஆகிவிடும்.

நகர்த்தும் திசை தலைகீழாகத் தெரிகிறதா? விரல் போகும் திசையில் படமும் போவது ஒரு வழக்கம். மவுஸ் சக்கரத்தைப்போல எதிர்த்திசையில் போவது இன்னொரு வழக்கம். டச்பேட் அமைப்பில் ஸ்க்ரோலிங் டைரக்ஷன் என்ற இடத்தில் மாற்றிக்கொள்ளலாம். கைபேசிப் பழக்கம் உள்ளவர்களுக்கு முதலாவது இயல்பாக வரும்.

கோளாறும் காரணமும்

தட்டச்சு செய்தவுடன் டச்பேட் செத்துப்போகிறது. கோளாறு இல்லை. உள்ளங்கை பட்டுக் கர்சர் தாவாமலிருக்க, விசையை அழுத்தியதும் ஒரு கணம் டச்பேடை நிறுத்திவைக்கிறார்கள். சிறிது பொறுத்தால் வந்துவிடும்.

முற்றிலும் வேலை செய்யவில்லை. மேல்வரிசை விசைகளில் டச்பேட் படம் போட்ட ஒன்று இருக்கிறதா பாருங்கள். எஃப்என் விசையோடு அதை அழுத்திப் பாருங்கள். மவுஸ் செருகியிருந்தால், அப்போது டச்பேட் அணைய வேண்டும் என்று அமைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

சார்ஜ் போட்டால் மட்டும் அம்புக்குறி துள்ளுகிறது. வாடகை வீடுகளிலும் பிஜி அறைகளிலும் அடிக்கடி கேட்கும் புகார் இது. சார்ஜரைக் கழற்றினால் சரியாகிறதா என்று சோதியுங்கள். சரியானால் காரணம் மின்னிணைப்பில் இருக்கிறது. மூன்றாவது பின்னுக்கு எர்த் இல்லாத பிளக்கிலோ, மலிவான இரண்டு பின் சார்ஜரிலோ, சிறிய கசிவு மின்னோட்டம் லேப்டாப்பின் உடலுக்கு வந்து டச்பேடின் அளவீட்டைக் குழப்புகிறது. உலோக உடல் லேப்டாப்பில் கை வைத்தால் சுருக்கென்று இருப்பதும் இதனால்தான். நிறுவனத்தின் மூன்று பின் சார்ஜரைப் பயன்படுத்துங்கள். எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்கச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேளுங்கள். டச்பேடைவிட உயிருக்கு அது முக்கியம்.

விரல் ஒட்டுகிறது, தாவுகிறது. ஈரம், வியர்வை, நெய். மைசூர்பாகு தின்ற கையோடு டச்பேடைத் தொட்டால் அது நெய்ப்படலத்தோடுதான் பேசும். லேப்டாப்பை அணைத்துவிட்டு, சற்றே ஈரமான மென்துணியால் துடைத்து, உலர்துணியால் ஒற்றி எடுங்கள். தண்ணீரை நேராகத் தெளிக்கக் கூடாது.

கிளிக் கடினமாகிவிட்டது, அல்லது டச்பேட் மேலே எழும்பி நிற்கிறது. இதை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். பல லேப்டாப்களில் டச்பேடுக்கு அடியிலும் அருகிலும் பேட்டரி இருக்கிறது. பேட்டரி உப்பினால் டச்பேடை அடியிலிருந்து தள்ளும், கிளிக் இறங்காது. மேசைமேல் வைத்தால் லேப்டாப் ஆடுவதும் ஒரு அறிகுறி. உடனே சார்ஜரைக் கழற்றுங்கள், அணையுங்கள், அழுத்தி உட்காரவைக்கப் பார்க்காதீர்கள், குத்தாதீர்கள். சர்வீஸுக்குக் கொண்டுபோய் பேட்டரியை மாற்றிய பிறகே மறுபடி இயக்குங்கள். உப்பிய பேட்டரி தீப்பிடிக்கக் கூடியது.

கை வலிக்காமல்

கட்டிலில் சாய்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்தால் மணிக்கட்டு மேல்நோக்கி மடியும். அந்த நிலையில் அழுத்துவது, தட்டுவது இரண்டுமே வலி தரும். முழங்கை உயரத்தில் ஒரு மேசை, மணிக்கட்டு நேராக, லேப்டாப்பின் கூர்விளிம்பில் பதியாமல் இருந்தால் போதும். தரையில் சம்மணமிட்டு உட்காருபவர்கள் சாய்வு மேசை ஒன்றை வாங்கிக்கொள்ளலாம்.

சொல்லுக்குச் சொல் அடையாளம் இடும் வேலை போல, ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் கிளிக் செய்கிறவர்கள் விசைப்பலகைக் குறுக்குவழிகளைக் கற்றுக்கொள்ளுங்கள். மணிக்கணக்கில் இழுக்கும் வேலை என்றால் ஒரு மவுஸ் வாங்கிவிடுங்கள். டச்பேடிலேயே எல்லாம் செய்துகாட்ட வேண்டும் என்ற வைராக்கியம் வேண்டாம். கட்டைவிரலின் அடியிலோ மணிக்கட்டிலோ வலி நாள்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பயிற்சி

1. புதிய கோப்புறை ஒன்றை உருவாக்கி, அதில் வெற்றுக் கோப்புகள் சிலவற்றைப் போடுங்கள். ஒவ்வொன்றையும் தட்டியும், பிறகு கட்டைவிரலால் அழுத்தியும் திறந்து மூடுங்கள்.
2. ஒவ்வொரு கோப்பின்மீதும் இரு விரலால் தட்டி மெனுவை வரவழைத்து, வெளியே தட்டி மூடுங்கள்.
3. ஒரு கோப்பைத் திரையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை இழுத்துச் செல்லுங்கள். முதலில் தட்டி இழுத்தல், பிறகு கட்டைவிரல் முறை. எது உங்களுக்குத் திடமாக வருகிறதோ அதையே இனி வைத்துக்கொள்ளுங்கள்.
4. ஏதாவது ஒரு கோயில் கல்வெட்டின் படத்தைத் திறந்து, ஒரு எழுத்து திரையை நிரப்பும்வரை பெரிதாக்கி, திரும்ப முழுப் படத்துக்கு வாருங்கள். இடையில் ரைட் கிளிக் மெனு வந்துவிட்டால் அழுத்தம் கூடுகிறது என்று பொருள்.

கற்றுத்தருபவர்களுக்கு

பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரும்போது, கற்பவரின் டச்பேடை நீங்கள் தொடாதீர்கள். 'இங்கே கொடுங்கள், நான் செய்துகாட்டுகிறேன்' என்று கையை நீட்டினால், அம்புக்குறி ஓடும் வேகத்தைத்தான் அவர் பார்ப்பார். உங்கள் விரல் செய்ததை அல்ல. செய்துகாட்ட வேண்டுமென்றால் மேசைமேல் விரலை வைத்து மெதுவாகக் காட்டுங்கள். திரையைச் சுட்டிக்காட்டப் பேனாவைப் பயன்படுத்துங்கள். 'கிளிக் பண்ணுங்க' என்று மட்டும் சொல்லாமல், 'தட்டுங்க', 'கட்டைவிரலால் அழுத்துங்க', 'ரெண்டு விரலையும் ஒண்ணா வையுங்க' என்று விரலின் பெயரோடு சொல்லுங்கள்.

அப்பா, அம்மா, பெரியவர்கள் யாராவது லேப்டாப்பைக் கண்டு ஒதுங்கினால், பாடம் எடுக்குமுன் அவர்கள் எப்படித் தொடுகிறார்கள் என்று பாருங்கள். தட்டுகிறார்களா, அழுத்துகிறார்களா என்று தெரிந்ததும் அதற்கேற்ப அமைப்பை மாற்றி, டபுள் கிளிக் அவகாசத்தையும் கூட்டிவிட்டு, அம்புக்குறியின் வேகத்தையும் ஒரு படி குறைத்துவையுங்கள். பிறகு பாடத்தைத் தொடங்குங்கள். தயக்கத்தில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். மீதியைப் பழக்கம் பார்த்துக்கொள்ளும்.